வேஃபருக்கு எது வடக்கு?

அத்தியாயம் 6

“ரெண்டாவது மாடிக்கு வந்துடுங்க” என்று போனில் சொல்லியிருந்தார்கள். லிஃப்டில் ஏற்கனவே ஒரு ட்ராலியும் மூன்று ஆட்களும் இருந்ததால் சர்வேயரம்மா மட்டும் அதில் ஏறிக்கொண்டார். நான் படியேறினேன். சுவரில் ஆளுயரத்துக்கு 2 என்று எழுதியிருந்த இடத்தில் கதவைத் தள்ளினால், உள்ளே கேன்டீன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மீட்டிங்கா? இன்னும் ஒரு மாடி ஏறுங்க. காலையிலேருந்து நீங்க நாலாவது ஆளு.”

மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தபோது சர்வேயரம்மா நாற்காலியில் உட்கார்ந்து பாதி டீயைக் குடித்திருந்தார்.

“எங்கடா போன வாலு?”

“கேன்டீனைத் துப்பறிஞ்சுட்டு வரேன் மேடம். சாம்பார்ல உப்பு காணோம். சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை.”

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. அழுகை வரும் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், வரவில்லை. ஜோக் மட்டும் பழக்க தோஷத்தில் வந்துகொண்டிருக்கிறது. சொல்லி முடித்ததும் அது யாரோ பேசினது மாதிரி இருக்கிறது. எல்லோரும் வாய் நிறைய ‘சர்வேயரம்மா’ என்று கூப்பிடும் என் முதலாளியை நான் மேடம் என்கிறேன். அந்தச் சொல்லின் பின்பாதி இப்போதெல்லாம் எனக்கு வாயில் வருவதில்லை.

அவர் பல வருஷம் நிலம் அளந்தவர். வரப்புத் தகராறுகளில் எந்தப் பங்காளி பொய் சொல்கிறான் என்று கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, கடைசியில் அதையே தொழிலாக்கி போர்டு மாட்டிவிட்டார். நான் அவர் பின்னாலேயே போகிறவன். கம்ப்யூட்டர் வேலை தெரியும், சம்பளம் கம்மி. வாலு என்று பெயர் வந்ததற்கு அவர் பின்னாலேயே போவதும், சும்மா இருக்காத என் வாயும்தான் காரணம்.

எங்களைக் கூப்பிட்டது அந்த சிப் தொழிற்சாலையின் செக்யூரிட்டி மேலாளர். இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்ததும், ஊழியர்கள் அவருக்கு ‘பூட்டு’ என்று பெயர் வைத்திருப்பது நியாயம்தான் என்று பட்டது. அவர் மேஜைமேல் ஒரு படத்தைப் போட்டார். சாப்பாட்டுத் தட்டு அளவில் பளபளவென்று ஒரு வட்டம். அதன் மேல் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் நகம் கிள்ளின அளவுக்கு ஒரு வெட்டு.

“இதுதான் வேஃபர். ஒவ்வொரு கட்டமும் ஒரு சிப். இது எங்க புது சிப்போட முதல் மாதிரி. இந்த ஒண்ணுதான் இருக்கு. போட்டிக் கம்பெனிக்காரன் கையில கிடைச்சா எங்க கதை முடிஞ்சுது.”

“கிடைச்சிடுச்சா?” என்றார் சர்வேயரம்மா.

“அதைத்தான் கண்டுபிடிக்கணும். முதல் ரூம்ல கேமரா மெஷின். எந்தக் கட்டத்துல கீறல் இருக்குன்னு பாத்து ஒரு வரைபடம் போடும். அதைப் பாத்துக்கிறது ஒரு லேடி. கழுகுன்னு கூப்பிடுவோம், அவ கண்ணுக்குத் தப்பினது ஒண்ணும் கிடையாது. அவளே டப்பாவைக் கையில எடுத்துட்டுப் பக்கத்து ரூமுக்குப் போனா. அங்க ஊசி மெஷின். ஒவ்வொரு கட்டத்தையும் ஊசியால தொட்டு, கரண்ட் குடுத்து, உயிரோட இருக்கா செத்துப்போச்சான்னு பாக்கும். அதுவும் ஒரு வரைபடம் போடும். கீறல் விழுந்த கட்டம்தானே செத்திருக்கணும்? ரெண்டு படத்துக்கும் சம்பந்தமே இல்ல. கீறல் ஒரு பக்கம், சாவு ஒரு பக்கம்.”

“அதனால?”

“அதனால ரெண்டாவது ரூமுக்குப் போனது வேற வேஃபர். வழியில மாத்திட்டா.”

“வேஃபர்ல நம்பர் பொறிச்சிருக்குமே சார்” என்றேன், எனக்கும் விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ள.

“நம்பரைப் போலியாப் பொறிக்கலாம் தம்பி. கீறலைப் போலியாப் போட முடியுமா? சாயங்காலம் ஷிஃப்ட் மாறுறதுக்குள்ள அசல் எங்கேன்னு தெரியணும். இல்லேன்னா போலீஸ்ல குடுத்துருவோம். குவார்ட்டர்ஸையும் இன்னிக்கே காலி பண்ணச் சொல்லியாச்சு.”

மூலையில் ஒருவர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தார். பூட்டு அவர் பக்கம் கையைக் காட்டினார்.

“ரெண்டு படத்தையும் பொருத்திப் பாக்குற கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டை எழுதினவர் இவர்தான். அடுத்த வாரத்துலேருந்து அந்தப் பிரிவுக்கே தலைவர். ரொம்ப நேர்மையான ஆளு. ஏன்னா...” பூட்டு குரலைத் தாழ்த்தினார். “கழுகு இவரோட சம்சாரம்.”

நான் அந்த மனிதரைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை.

“எட்டு விதமாவும் போட்டுப் பாத்துட்டேங்க” என்றார் அவர். “எதுலயும் பொருந்தல. என்ன செய்ய? என் பொண்டாட்டிதான். ஆனா கணக்கு பொய் சொல்லாதே.”

சர்வேயரம்மா அந்த வட்டத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“இதுல வடக்கு எது?”

பூட்டு சிரித்தார். “வேஃபருக்கு ஏதும்மா வடக்கு?”

“நான் பாத்த பாதி வரப்புச் சண்டை அதனாலதான் சார். ஒருத்தன் வரைபடத்துல வடக்கு மேல இருக்கும், இன்னொருத்தன் பக்கவாட்டுல வச்சிருப்பான். நிலம் ஒண்ணுதான். வெட்டுக்குத்து வரைக்கும் போயிருக்கு.”

கணவர் தலையை நிமிர்த்தினார். “ஓரத்துல இருக்கே, அந்த வெட்டுதான் அடையாளம். கேமரா மெஷின்ல வெட்டு கீழ்ப் பக்கம் இருக்கும். கட்டத்தை மேலேருந்து எண்ணும். ஊசி மெஷின் போன வாரம் வந்த புதுசு. அதுல வெட்டு வலது பக்கம், எண்ணுறது கீழேருந்து. அதைத் திருப்பி ஒண்ணாக்குறதுக்குத்தான் என் ஸ்கிரிப்ட்.”

“சரியாத் திருப்புதான்னு எதை வச்சு சோதிச்சீங்க?”

“ஒரு பழைய வேஃபர். ஓரத்துக் கட்டம் எல்லாம் சுத்திலும் செத்துப்போனது. ரெண்டு மெஷின்லயும் போட்டேன். கச்சிதமா உக்காந்துச்சு.”

“ம்” என்றார் சர்வேயரம்மா. அவர் ‘ம்’ சொன்னால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

குவார்ட்டர்ஸ் தொழிற்சாலைக்குப் பின்னாலேயே இருந்தது. ஒரே மாதிரி கட்டடங்கள், ஒரே மாதிரி கதவுகள். கழுகு எங்களை உள்ளே விட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையை ஒழுங்காக வாரியிருந்தாள். ‘உட்காருங்க’ என்றாள். அழுத அடையாளம் ஒன்றும் இல்லை, கோபமும் இல்லை. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஷேவ் பண்ணும்போது பார்க்கிறேன்.

வாசலருகில் ஒரே ஒரு பெட்டி, பெல்ட் போட்டுக் கட்டித் தயாராக நின்றது.

“என்னக்கா, மொத்தக் குடும்பமும் ஒரு பெட்டிக்குள்ள அடங்கிருச்சா?” என்று என் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டது.

“அவ்வளவுதான் இருந்துச்சு தம்பி” என்றாள்.

சர்வேயரம்மா நேராகக் கேட்டார். “வேஃபர் எங்கம்மா?”

“ஊசி மெஷின் ரூம்ல.”

“அது போலின்னு சொல்றாங்க.”

“அதுதான் அசல்.”

“அப்புறம் ஏன் ரெண்டு படமும் பொருந்தல?”

“அதை வரைபடக்காரரைக் கேளுங்க.” குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“நீங்க இதை அவங்ககிட்டச் சொல்லலையா?”

“மாத்தலைன்னு ஒரு தடவை சொன்னேன். ‘படம் அப்படிச் சொல்லலையே’ன்னாங்க. அப்புறம் சொல்லணும்னு தோணல.”

எனக்கு உள்ளே எங்கோ வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை. வலிக்க வேண்டிய இடம் இது என்று மட்டும் தெரிந்தது.

சர்வேயரம்மா எழுந்து ஜன்னலருகே போனார். வெளியே பால்கனிக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கழுகின் ஆபீஸ் சட்டைகள், ஒரு துண்டு. அவர் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிறகு கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் என் கண் உயரத்துக்கு, செலோடேப் பிய்த்த சுவடுகள் இருந்தன. நாலு மூலைக்கு நாலு. அவற்றைச் சுற்றிக் கோணல்மாணலாக இன்னும் சில.

“குழந்தைங்க இருக்காங்களா?”

“இல்ல.”

“இங்க என்ன ஒட்டியிருந்துச்சு?”

“பேப்பர்.”

“யாரு ஒட்டினது?”

கழுகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். “நான் ஒட்டியிருந்தா இன்னும் கீழே ஒட்டியிருப்பேன்” என்றாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று, கேட்காமலேயே ஒன்று சொன்னாள். “நேத்துக் காலையில அவர் எனக்கு டீ போட்டுக் குடுத்தார். கல்யாணமானதுலேருந்து முதல் தடவை.”

இது எந்த ஊர் வாக்குமூலம் என்று எனக்குப் புரியவில்லை. படியிறங்கும்போது, “ரொம்ப நல்ல மனுஷன் போலிருக்கு மேடம்” என்றேன்.

“வாயை மூடிட்டு வா” என்றார் சர்வேயரம்மா.

மறுபடி அதே மீட்டிங் அறை. கணவர் தன் லேப்டாப்பை என் பக்கம் நகர்த்தினார். “என் ஸ்கிரிப்டையே ஓட்டிப் பாருங்க. நேரம் மிச்சம்.”

“வேண்டாங்க” என்றார் சர்வேயரம்மா. “எதிராளியோட அளவுச் சங்கிலியை வாங்கி அவன் நிலத்தை அளக்குறது எங்க வழக்கமில்ல. வாலு, நீயே ஒண்ணு எழுது.”

“என்ன எழுதணும் மேடம்?”

அவர் ஒரு சதுரக் காகிதத்தைக் கிழித்தார். ஒரு மூலையில் புள்ளி வைத்தார். “இதை மேஜைமேல எத்தனை விதமா வைக்கலாம்?”

வைத்துப் பார்த்தேன். நாலு பக்கம் திருப்பலாம். குப்புறப் போட்டு மறுபடி நாலு பக்கம் திருப்பலாம். “எட்டு.”

“அந்த எட்டு விதத்துலயும் கேமராப் படத்தைத் திருப்பி, ஊசிப் படத்து மேல வை. எத்தனை கட்டம் ஒண்ணு மேல ஒண்ணு விழுதுன்னு எண்ணிச் சொல்லு. எட்டு வரி போதும்.”

எட்டு வரி என்பது அவர் கணக்கு. இருபத்தி ஐந்து ஆனது. கேமரா பார்த்த கீறல் கட்டங்கள் நாற்பத்தி மூன்று. அவற்றின் குறுக்கு வரிசை எண்ணையும் நெடுக்கு வரிசை எண்ணையும் எடுத்து, ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றி, குறி மாற்றி, ஊசிப் படத்தோடு ஒப்பிட வேண்டும். பூட்டு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரையில் ஒரு எழுத்தும் புரியாதவர்கள்தான் அதிக நேரம் பார்ப்பார்கள்.

ஓட்டினேன். நாலு, ஆறு, மூன்று, ஏழு... எட்டு வழியிலும் ஒற்றை இலக்கம்தான். எங்கேயோ தற்செயலாகச் சில கட்டங்கள் மோதிக்கொண்டதோடு சரி.

“பொருந்தல மேடம்.”

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான்தான் சொன்னேனே” என்றார். குரலில் வருத்தம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் உடம்பு நாற்காலியில் தளர்ந்து சாய்ந்தது. பெண்டாட்டி திருடி என்று இரண்டாவது முறை நிரூபணமானதற்கு யாரும் அப்படிச் சாய்வார்களா என்று ஒரு நினைப்பு வந்து போனது.

பூட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அப்ப போலீஸுக்குச் சொல்லிடவா? அந்தப் பொண்ணையும் இங்க வரச் சொல்லிடறேன்.”

“வரச் சொல்லுங்க” என்றார் சர்வேயரம்மா. “போலீஸ் கொஞ்சம் பொறுக்கட்டும். வாலு, காலையில நீ எங்க போன?”

“கேன்டீனுக்கு. அதை இன்னும் எத்தனை நாளைக்கு மேடம் சொல்லிக்காட்டுவீங்க?”

“எந்த மாடின்னு நினைச்சுப் போன?”

“ரெண்டு.”

“நான் எந்த பட்டனை அமுக்கினேன்?”

“ரெண்டுதான்... நான் ரெண்டுக்குப் போனா கேன்டீன், நீங்க ரெண்டுக்குப் போனா மீட்டிங் ரூம். இந்தக் கட்டடத்தைக் கட்டினவனைத்தான் போலீஸ்ல குடுக்கணும்.”

“லிஃப்ட்ல கீழ்த்தளத்துக்கு என்ன போட்டிருக்கு?”

“பூஜ்யம்.” சொன்ன பிறகுதான் உறைத்தது. “படிச் சுவத்துல கீழ்த்தளம் ஒண்ணு!”

“ரெண்டு மெஷினும் முதல் கட்டத்தை எப்படி எண்ணுதுன்னு கேட்டியாடா, முட்டாள்?”

கேட்கவில்லை. இரண்டு படத்தின் ஃபைலையும் திறந்து பார்த்தேன். கேமராக்காரன் ஒன்றிலிருந்து எண்ணுகிறான், ஊசிக்காரன் பூஜ்யத்திலிருந்து. ஒவ்வொரு கட்டமும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வரி சேர்த்தேன். எட்டுத் திருப்பலிலும், ஒரு கட்டம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம், மேலே கீழே நகர்த்திப் பார்க்கும்படி மாற்றினேன்.

கதவு திறந்தது. கழுகு வந்து கணவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் லேப்டாப்பைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

நான் ஓட்டினேன். ஐந்து, எட்டு, ஏழு, நாலு, ஆறு, ஐந்து. ஏழாவது வழியில் திரை நாற்பத்தி ஒன்று என்று காட்டியது.

மறுபடி ஓட்டினேன். நாற்பத்தி ஒன்று.

“நாற்பத்தி மூணு கீறல்ல நாற்பத்தி ஒண்ணு, செத்த கட்டத்து மேலேயே விழுது மேடம்.” என் குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்டது. “மீதி ரெண்டு, கீறல் பட்டும் சாகாத கட்டம். கெட்டி ஆயுசு.”

பூட்டு திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தார். “அப்ப இது...”

“அதே வேஃபர்தான்” என்றார் சர்வேயரம்மா. “நீங்களே சொன்னீங்களே சார், கீறலைப் போலியாப் போட முடியாதுன்னு. யாரும் எதையும் மாத்தல. அசல் உங்க ஊசி மெஷின் ரூம்லயே பத்திரமா இருக்கு.”

“ஆனா ஸ்கிரிப்ட்?”

“வலது பக்கம் திருப்ப வேண்டியதை இடது பக்கம் திருப்புது. எண்ணுறதுல இருக்குற ஒண்ணு பூஜ்யத்தை அது சரி பண்ணிடுச்சு, இல்லேன்னா அந்தப் பழைய வேஃபரே பொருந்தியிருக்காது. திசையைத்தான் தப்பு பண்ணிடுச்சு. இவர் அதைச் சோதிச்சது எதை வச்சு? ஓரமெல்லாம் சுத்திச் செத்துப்போன ஒரு வட்டத்தை வச்சு. வளையலை எப்படித் திருப்பினாலும் வளையல்தான். எல்லாப் பக்கமும்தான் பொருந்தும். அதைப் பாத்துட்டு ஸ்கிரிப்ட் சரின்னு முடிவு பண்ணிட்டாங்க. புது மெஷின்ல ஏறின முதல் நிஜ வேஃபர் இதுதான். மாட்டிக்கிச்சு.”

கணவர் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். “அய்யோ. என் தப்புதான். தெரியாமப் பண்ணிட்டேன். கடவுளே.” பிறகு மனைவியைப் பார்த்தார். “மன்னிச்சுடும்மா. நல்லவேளை, எல்லாம் சரியாயிடுச்சு.”

பூட்டு நிம்மதியாகச் சிரித்தார். “மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும். பரவாயில்ல.” கழுகைப் பார்த்து, “நீங்களும் மனசுல வச்சுக்காதீங்கம்மா” என்றார். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். ஃபைலை மூட வேண்டியதுதான் பாக்கி.

சர்வேயரம்மா மூடவில்லை. “வாலு, ரெண்டு படத்தையும் பேப்பர்ல பிரிண்ட் எடு.”

எடுத்தேன். அவர் முதல் தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்து நாலு மூலையிலும் டேப் ஒட்டினார். வெளி வெயில் தாளை ஊடுருவியது. இரண்டாவது தாளை அதன்மேல் வைத்து மெதுவாகத் திருப்பினார், குப்புறப் போட்டார், மறுபடி திருப்பினார். லேசாக ஒரு ஓரம் நகர்த்தினார். கறுப்புப் புள்ளிகள் கறுப்புப் புள்ளிகளின் மேல் போய் உட்கார்ந்தன. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

“ஸ்கிரிப்டுக்கு ஒண்ணு பூஜ்யம் குழப்பம் வரும்” என்றார். “ஜன்னலுக்கு வராது. கை தானா நகர்த்திக்கும். ஜன்னல்ல வச்சுப் பாத்தவன் எவனும் பொருந்தலைன்னு சொல்ல முடியாது.”

பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

“காலையில நீங்களாத்தானே சொன்னீங்க, எட்டு விதமாவும் போட்டுப் பாத்தேன்னு? வடக்கு எதுன்னு நான் கேக்குறதுக்கு முன்னாடியே? எட்டு விதம்னு தெரிஞ்சவர், எட்டையும் பாத்தவர், ஏழாவதுல கண்ணை மூடிக்கிட்டாரா? உங்க வீட்டு ஜன்னல்ல டேப் தடம் இருக்கு. உங்க உயரத்துக்கு.”

கணவர் பேயறைந்தது மாதிரி உட்கார்ந்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் இலையோடு மாட்டிக்கொண்டார்.

“எப்பத் தெரிஞ்சுது?” என்று பூட்டு கேட்டார். அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

“நேத்துக் காலையில.” கணவர் தரையைப் பார்த்துப் பேசினார். “சொல்லணும்னுதான் நினைச்சேன். அடுத்த வாரம் போஸ்டிங். திசை தெரியாதவனைத் தலைவனாப் போடுவாங்களா? திருடினதுக்கு ஆதாரம் இல்லேன்னு போலீஸே விட்டுடும்னு நினைச்சேன். மிஞ்சிப்போனா இவ வேலை போகும். என் சம்பளத்துல ஓட்டிக்கலாம். புதுப் பதவிக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் வேற குடுப்பாங்க. என் வேலை போனா...” அதற்கு மேல் மென்று விழுங்கினார்.

நான் கழுகைப் பார்த்தேன். அவள் முகம் மாறவே இல்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இதில் ஒரு வரிகூட அவளுக்குப் புதுசு இல்லை.

“அக்கா, உங்களுக்குத் தெரியுமா?”

“அடுப்படியில நின்னுட்டு இருந்தேன் தம்பி. இவர் ஜன்னல்ல பேப்பரைத் திருப்பிட்டே இருந்தார். ஒரு இடத்துல கை நின்னுச்சு. ஒரு பெருமூச்சு விட்டார். அங்கேருந்தே எனக்குத் தெரிஞ்சுது, புள்ளி மேல புள்ளி உக்காந்திருந்துச்சு. ‘அப்பாடா, இனி போய்ச் சொல்லிடுவார்’னு நினைச்சேன். ரெண்டு பேப்பரையும் கிழிச்சுப் பையில போட்டுக்கிட்டார். அப்புறம் வந்து டீ போட்டுக் குடுத்தார்.”

“நீங்களே சொல்லியிருக்கலாமே!” என்றார் பூட்டு. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“நான் சொன்னா வேஃபர் கிடைச்சிருக்கும் சார். எனக்கு வேஃபரைப் பத்தி ஒரு கவலையும் இல்ல, அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். இவர் வாயைத் திறப்பாரான்னுதான் பாத்துட்டு இருந்தேன். டீ குடிக்கும்போது பாத்தேன், சாயங்காலம் வந்தப்பப் பாத்தேன். இப்ப இந்த ரூமுக்குள்ள வந்தப்பவும் பாத்தேன்.”

இதையெல்லாம் அவள் பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். இரண்டு மாதமாக எனக்குள் மரத்துக் கிடந்த ஏதோ ஒன்று அந்தக் குரலைக் கேட்டு லேசாக அசைந்தது. அழுகை இல்லை. ஆனால் அந்த மனிதரைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று கை பரபரத்தது. கோபம் வந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

பூட்டு எழுந்து, தன் சட்டைப் பையிலிருந்து கழுகின் அடையாள அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். “நீங்க ஷிஃப்டுக்கு வரலாம்மா. வீட்டையும் காலி பண்ண வேண்டாம். அது உங்க பேர்ல இருக்குற குவார்ட்டர்ஸ்தானே. இவர் விஷயத்தை நான் மேல சொல்லிக்கிறேன்.”

அவள் அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கணவர் எழுந்து அவள் பக்கம் வந்தார்.

“வா, வீட்டுக்குப் போகலாம். உக்காந்து பேசிக்கலாம். கட்டின பெட்டியைப் பிரிச்சு வச்சுடலாம்.”

“பிரிக்க வேண்டாம்” என்றாள் கழுகு. “அதுல இருக்கறது உங்க துணிதான்.”

அவர் அப்படியே நின்றார்.

“என்னை போலீஸ் கூட்டிட்டுப் போயிருந்தாலும் அது உங்க பெட்டிதான். போகும்போது சாவியை வாசல் செக்யூரிட்டில குடுத்துட்டுப் போங்க. எனக்கு ஷிஃப்ட் முடிய நேரமாகும்.”

அவள் கதவைத் திறந்துகொண்டு கேமரா அறை இருந்த பக்கம் நடந்துபோனாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. கணவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னலில் இரண்டு தாள்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியபடியே இருந்தன.

கீழே இறங்கும்போது லிஃப்ட் காலியாக இருந்தது. நான் பூஜ்யத்தை அமுக்கினேன்.

“பெட்டி அவரோடதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டேன்.

“அவ சட்டையெல்லாம் கொடியில காஞ்சுக்கிட்டு இருந்துச்சுடா. வீட்டை விட்டுப் போறவ துணி துவைச்சுக் காயப்போடுவாளா?”

லிஃப்ட் நின்றது. கதவு திறக்கும் முன் அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீ சாப்பிட்டியா?”

இந்தக் கேள்வியை இரண்டு மாதமாக யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என் காதில் விழுந்திருக்காது.

“இல்லம்மா” என்றேன்.